பதிவேட்டில் இல்லாத பாதைகள்: காத்திவாக்கத்தில் பொதுவழியுரிமையும் உள்ளாட்சித் திட்டமிடலும்

ஆய்வுச்சுருக்கம்

வடசென்னையின் காத்திவாக்கம், கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பகுதியில் அமைந்த ஊர். கடற்கரைக்கும் கழிக்கும் கால்வாய்க்கரைக்கும் செல்லும் வழிகளைச் சார்ந்தே இவ்வூர் மக்களின் தொழிலும் வாழ்வும் அமைந்துள்ளன. இவ்வழிகளின் மீதான பொதுமக்கள் உரிமையைச் சட்டம் நெடுங்காலமாக ஏற்றுள்ளது. ஆயினும், அவற்றைக் கண்டறிந்து எழுதி வைக்கும் கடமை எந்த உள்ளாட்சி அமைப்புக்கும் தரப்படவில்லை. கிராமம் நகராட்சியாகவும், நகராட்சி மாநகராட்சியின் ஒரு பகுதியாகவும் மாறியபோது, மக்களின் காலடியில் இருந்த பாதைகள் திட்ட ஆவணங்களில் இடம்பெறாமற்போயின. இக்கட்டுரை சட்டங்களையும் நிர்வாக மாற்றங்களையும் வரலாற்று முறையில் ஒப்புநோக்கி இந்த இடைவெளியை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: காத்திவாக்கம், எண்ணூர், பொதுவழியுரிமை, புறம்போக்கு, உள்ளாட்சி, நகர்த்திட்டமிடல், கடற்கரை ஒழுங்குமுறை.

முன்னுரை

நகர்த்திட்டமிடல் பற்றிய தமிழ் எழுத்துகளில் சாலை பேசப்படும் அளவுக்குப் பாதை பேசப்படுவதில்லை. ‘நடைபாதை’ என்னும் சொல்லே இன்று நிர்வாக வழக்கில் வாகனச் சாலையின் ஓரத்தில் அமைக்கப்படும் மேடையை மட்டும் குறிக்கும் அளவுக்குச் சுருங்கியுள்ளது. சாலையைச் சாராமல், தெருவிலிருந்து கடலுக்கோ களத்திலிருந்து கழிக்கோ தனித்துச் செல்லும் வழியைக் குறிக்க அலுவல் மொழியில் நிலைத்த சொல் இல்லை. எனவே இக்கட்டுரை அத்தகைய வழிகளை ‘நடைவழி’ என்றும், அவற்றின் மீது பொதுமக்களுக்குள்ள உரிமையைப் ‘பொதுவழியுரிமை’ என்றும் குறிப்பிடுகிறது.

நடைவழிகளின் மறைவுக்கு ஆக்கிரமிப்பே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படும். அக்கருத்து ஒரு பகுதியளவில் உண்மையே. ஆனால், ஒரு வழி ஆக்கிரமிக்கப்பட்டது என்று மெய்ப்பிக்க வேண்டுமாயின், அது வழியாக இருந்தது என்பதற்கு முதலில் ஆவணம் வேண்டும். காத்திவாக்கத்தின் சிக்கல் இந்த முதற்படியிலேயே தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஊரும் வழிகளும்

காத்திவாக்கம் ஆவண வரலாற்றில் முற்பட்ட ஊர். 1708இல் நவாப் தாவூத் கானிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற ஐந்து கிராமங்களுள் இதுவும் ஒன்று. திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு என்பன ஏனைய நான்கு. அக்காலத்தில் சென்னைக் கோட்டைக்கு வடக்கே அமைந்த கடற்கரைக் கிராமமாக இது விளங்கியது.

இவ்வூரின் வழிகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, கடற்கரை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை நீண்ட மணற்பரப்பு, படகு ஏற்றும் இடமாகவும் வலை உலர்த்தும் களமாகவும் குப்பத்துக்குக் குப்பம் நடந்து செல்லும் வழியாகவும் ஒருங்கே பயன்பட்டது. இரண்டாவது, கால்வாய்க்கரை. சென்னையையும் எண்ணூரையும் இணைத்து 1806இல் பேசில் கோக்ரேன் அமைத்த உப்புநீர்க் கால்வாய், பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக்கப்பட்டு, 1876–78 பஞ்சத்தின் நிவாரணப் பணிகளுக்குப் பின் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்றது. ஏறத்தாழ 420 கி.மீ. நீளமுடைய இக்கால்வாயில் காற்றில்லாதபோது ஆட்கள் கரையில் நடந்து படகுகளைக் கயிற்றால் இழுத்துச் சென்றனர். ஆதலால் கரைப்பாதை கால்வாயின் துணையுறுப்பாகவே அமைந்தது. மூன்றாவது, கழிவழிகள். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழியின் சேற்றுப் பரப்புகளுக்கும் உப்பளங்களுக்கும் செல்லும் ஒற்றையடிப் பாதைகள் இவ்வகையின. கழியில் இறால் பிடிப்போரின் பிழைப்பு இப்பாதைகளைப் பொறுத்தது.

இம்மூன்றும் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் வெவ்வேறு காரணங்களால் மாறின. 1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் இவற்றுள் முதன்மையானது. இக்கரையோரத்தில் மணலோட்டம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அவ்வோட்டத்தைத் தடுத்தமையால், துறைமுகத்துக்குத் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் நோக்கிய கரை அரிக்கப்பட்டது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில் மெரினாவில் உலாவுபாதை அமைக்கப்பட்டு, அது நகரத்தின் பொதுச்சொத்தாக அறியப்பட்டது. வடக்கே கடல் உட்புகுந்த இடங்களில் காலப்போக்கில் கருங்கற்கள் கொட்டப்பட்டுத் தடுப்புச்சுவர் எழுந்தது. ஒரே கட்டுமானம் தென்கரைக்கு உலாவிடத்தையும் வடகரைக்குக் கற்சுவரையும் தந்தது. தெற்கில் புதிதாகத் தோன்றிய வழி பெயரிடப்பட்டு ஆவணமானது; வடக்கில் அழிந்த வழிக்கோ, அது வழியாக இருந்தது என்ற பதிவே இல்லை.

20ஆம் நூற்றாண்டில் தொழில்மயமாதல் இம்மாற்றத்தைத் தீவிரப்படுத்தியது. 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களில் கழிக்கு வடக்கே எழுந்த வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் என ஒன்றன்பின் ஒன்றாகப் பெருநிறுவனங்கள் அமைந்தன. அவற்றின் சுற்றுச்சுவர், நிலக்கரிச் சுமைப்பட்டை, சாம்பல் குழாய், அணுகுசாலை ஆகியன கழியையும் கரையையும் ஊடறுத்தன. இவை ஒவ்வொன்றும் முறையான அனுமதி ஆவணங்களுடன் வந்தவை. அவை கடந்து சென்ற நடைவழிகள் அவ்வாறு எழுத்தில் நின்றவை அல்ல.

சட்டத்தில் பொதுவழியுரிமை

நடைவழிகளுக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்று கருதுவது பிழை. 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் இதற்குச் சான்று. பொதுச் சாலைகள், தெருக்கள், சந்துகள், பாதைகள் ஆகியவற்றையும், உயர்நீர்க்கோட்டுக்குக் கீழுள்ள கடற்படுகை, கழிப்படுகை ஆகியவற்றையும், உப்பங்கழிகளையும் கால்வாய்களையும் அரசின் சொத்து என அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவிக்கிறது. அதே பிரிவு, அவ்வுடைமை எப்போதும் வழியுரிமைகளுக்கும் ஏனைய பொதுவுரிமைகளுக்கும் சட்டப்படி நிலவும் வழக்காற்று உரிமைகளுக்கும் உட்பட்டது என்றும் வரையறுக்கிறது. அதாவது, புறம்போக்கின் மீது அரசுக்குள்ள உடைமை முழுமையானது அன்று. மக்களின் நடைக்கு உட்பட்டது. இச்சட்டம் ஆக்கிரமிப்பாளரை வெளியேற்றும் கருவியாகவே பெரிதும் அறியப்படுகிறது. அரசையே கட்டுப்படுத்தும் அதன் மறுபாதி உரிய கவனம் பெறவில்லை.

1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் இவ்வகையில் நோக்கத்தக்கது. ‘பொதுத்தெரு’ என்பதற்கு அது தந்த வரையறை விரிவானது. பொதுமக்களுக்கு வழியுரிமை உள்ள சாலை, சதுக்கம், சந்து, இடைவழி ஆகிய அனைத்தும், மறுமுனை திறந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், பொதுத்தெருவாகவே கொள்ளப்பட்டன. எல்லைக்குள் உள்ள பொதுத்தெருக்கள் நகர்மன்றத்தின் பொறுப்பில் அமைந்தன. இவ்வரையறையின்படி, கடலுக்குச் செல்லும் குப்பத்துச் சந்தும் நகராட்சியின் தெருவாகவே இருந்தது.

எனவே குறை உரிமையில் இல்லை. அவ்வுரிமையைப் பதியும் முறையில் உள்ளது. வருவாய்த்துறையின் கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் வண்டிப்பாதையும் ஒற்றையடிப் பாதையும் பெரும்பாலும் புலத்தின் ஊடே செல்லும் புள்ளிக்கோடுகளாகவே காட்டப்படுகின்றன. உட்பிரிவு செய்யப்பட்டாலன்றி அவற்றுக்குத் தனிப் புல எண் கிடைப்பதில்லை. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் முழுமைத் திட்டமோ நில உபயோகத்தைப் புல எண் வாரியாகவே வகைப்படுத்துகிறது. ஒரு புலம் தொழிற்பகுதி என வகைப்படுத்தப்படும்போது, அதன் ஊடே செல்லும் புள்ளிக்கோடும் தொழிற்பகுதியாகிவிடுகிறது. யாரும் பாதையை அழிக்கவில்லை. வண்ணம் தீட்டும்போது அது மறைந்துவிடுகிறது. நடைவழியின் மறைவு ஒரு மீறலாக அமையாமல், முறையான நிர்வாகச் செயலாகவே நிகழ்ந்துவிடுவது இவ்வாறுதான்.

உள்ளாட்சியின் வளர்ச்சியும் அதிகாரச் சிதறலும்

காத்திவாக்கத்தின் உள்ளாட்சி வரலாறு மேல்நோக்கிய வளர்ச்சியாகவே சொல்லப்படுவது. கிராமமாக இருந்த ஊர் நகராட்சியாயிற்று. 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 42 உள்ளாட்சி அமைப்புகளுள் ஒன்றாயிற்று. அவ்விணைப்பால் மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ. ஆகவும் வட்டங்கள் 200 ஆகவும் உயர்ந்தன. காத்திவாக்கம் திருவொற்றியூர் மண்டலத்துக்குள் அடங்கியது. 2018இல் திருவொற்றியூர் வட்டம் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாற்றப்பட்டதால் வருவாய் நிர்வாகமும் கைமாறியது.

இவ்வளர்ச்சி, வழிகள் மீதான உள்ளூர்ப் பொறுப்பை வலுப்படுத்தவில்லை. இதற்கு அரசியலமைப்பிலேயே ஒரு குறிப்பு கிடைக்கிறது. 73ஆம் திருத்தத்தின்வழிச் சேர்க்கப்பட்ட 11ஆம் அட்டவணை, ஊராட்சிகளுக்கு அளிக்கத்தக்க துறைகளுள் சாலைகள், சிறுபாலங்கள், பாலங்கள், படகுத்துறைகள், நீர்வழிகள், பிற போக்குவரத்து வழிகள் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. 74ஆம் திருத்தத்தின்வழிச் சேர்க்கப்பட்ட 12ஆம் அட்டவணையில், நகராட்சிகளுக்கு உரியதாகச் சாலைகளும் பாலங்களும் மட்டுமே காணப்படுகின்றன. ஓர் ஊர் ஊராட்சியாக இருந்தால் அதன் பொறுப்பில் அமையக்கூடிய படகுத்துறையும் நீர்வழியும் ‘பிற வழிகளும்’, அது நகரமானதும் பட்டியலிலிருந்து விலகுகின்றன. நகரத்தில் கழியும் கால்வாயும் இரா என்ற முற்கோள் இப்பட்டியலில் உறைந்துள்ளது எனலாம். காத்திவாக்கம் போன்ற நீர்சூழ்ந்த நகர்ப்பகுதிக்கு அம்முற்கோள் பொருந்தாது.

மறுபுறம், ஊரைச் சூழ்ந்த நிலங்கள் பல கைகளில் உள்ளன. கடற்கரைப் புறம்போக்கு வருவாய்த்துறையிடமும், கால்வாயும் அதன் கரையும் நீர்வளத்துறையிடமும், கடற்கரை ஒழுங்குமுறை சுற்றுச்சூழல் துறை சார்ந்த ஆணையத்திடமும், இருப்புப்பாதை தென்னக இரயில்வேயிடமும், உப்பள நிலங்கள் ஒன்றிய அரசின் உப்புத்துறையிடமும் உள்ளன. இவற்றோடு மின்வாரியமும் துறைமுகங்களும் தத்தம் எல்லைக்குள் தனி நிர்வாகம் நடத்துகின்றன. ஒரு மீனவர் வீட்டிலிருந்து கழிக்குச் செல்லும் ஒரே நடையில் இவற்றுள் பல எல்லைகளைக் கடக்க நேரிடும். ஒவ்வொரு துறையும் தன் நிலத்தை அறியும். அந்நிலங்களைக் கோத்துச் செல்லும் வழியை எந்தத் துறையும் அறியாது.

திட்டமிடும் அதிகாரமும் உள்ளாட்சியிடமிருந்து நகர்ந்தது. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டம் நகர்மன்றங்களே திட்டங்களை வகுக்க இடமளித்தது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்துக்குப் பின், சென்னைப் பெருநகரப் பகுதியில் அப்பணி வளர்ச்சிக் குழுமத்தைச் சார்ந்தது. காத்திவாக்கம் அப்பகுதிக்குள் அடங்கியது. 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 1,189 சதுர கி.மீ. பரப்பைக் கருதி வரையப்பட்டது. அவ்வளவில் ஒரு குப்பத்தின் சந்து புலப்படுவது அரிது. சந்தை அறிந்திருந்த நகர்மன்றத்திடம் திட்டம் இல்லை. திட்டத்தை வைத்திருந்த குழுமத்துக்குச் சந்து தெரியவில்லை.

2014இல் சென்னை மாநகராட்சி ஏற்ற மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கை நடப்போருக்கு முன்னுரிமை அளித்தமை பாராட்டத்தக்கது. எனினும், அக்கொள்கையின் அலகு தெருவே. தெருவோடு ஒட்டாத நடைவழி அதன் பார்வைக்குள் எளிதில் அடங்குவதில்லை.

கடற்கரை விதிகளும் அணுக்கமும்

1991 பிப்ரவரியில் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, பொதுமக்கள் கடற்கரையை அணுகுவதை ஒரு திட்டக் கட்டுப்பாடாக அறிமுகப்படுத்தியது. கடற்கரை விடுதிகளுக்கிடையே குறைந்தது 20 மீட்டர் அகல இடைவெளி விடப்பட வேண்டும் என அது விதித்தது. இவ்விதி சுற்றுலாவை மனத்திற்கொண்டது. விடுதிகளே இல்லாத தொழிற்பகுதிக் கரைக்கு அதனால் பயன் குறைவு. ஆலைகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற வினா அங்கு எழுப்பப்படவில்லை.

2011ஆம் ஆண்டின் அறிவிக்கை இத்திசையில் ஒரு முன்னேற்றம். மீனவர் குடியிருப்புகள், அவர்களின் பொதுச்சொத்துகள், மீன் உலர்த்தும் இடங்கள், சாலைகள் ஆகியவற்றைப் புல எண் அளவிலான வரைபடங்களில் குறிக்க வேண்டும் என அது பணித்தது. வழக்காற்றுப் பயன்பாட்டை வரைபடத்தில் ஏற்றும் கடமை இவ்வாறு முதன்முறையாகத் தெளிவான வடிவம் பெற்றது. ஆனால் தமிழ்நாட்டில் வரைவுத் திட்டங்கள் மீதான கருத்துக்கேட்புகளில், மீனவ ஊர்களும் அவற்றின் பயன்பாட்டு இடங்களும் முறையாகக் குறிக்கப்படவில்லை என்ற எதிர்ப்பு தொடர்ந்து எழுந்தது. வரைபடம் தொலையுணர்வுப் படங்களைக் கொண்டு வரையப்படும்போது கட்டடம் தெரியும், காலடித்தடம் தெரியாது. அதனைச் சொல்லக்கூடிய அமைப்பு, ஊரில் இயங்கும் உள்ளாட்சியே.

பிறநாட்டு அனுபவம்

உள்ளாட்சிக்கு இக்கடமையைச் சட்டமே விதித்த முன்மாதிரிகள் உள்ளன. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள், நாட்டுப்புற அணுக்கச் சட்டம், மாவட்ட அளவிலான மன்றங்கள் தத்தம் பகுதியின் பொதுநடைவழிகளை அளந்து உறுதி வரைபடம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்றது. வழிகளை நடந்து கண்டறியும் பணியில் சிற்றூர் மன்றங்கள் பங்கேற்றன. அவ்வரைபடத்தில் ஒரு வழி இடம்பெறுவதே அவ்வழியுரிமைக்கு முடிந்த சான்றாகும். கலிபோர்னியாவில் 1972ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பின் தொடர்ச்சியாக வந்த 1976ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம், கடலோர உள்ளாட்சிகள் வகுக்கும் ஒவ்வொரு கடற்கரைத் திட்டத்திலும் பொதுமக்கள் அணுக்கம் பற்றிய தனிப்பகுதி இருத்தல் வேண்டும் என விதித்தது.

இவ்விரு சட்டங்களும் புதிய உரிமையை வழங்கியதைக் காட்டிலும், இருந்த உரிமையை எழுதும் பொறுப்பை யாரிடம் தருவது என்பதைத் தீர்த்தன. சென்னை மாகாணத்தின் 1905ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்த உரிமை இவற்றுக்கு முந்தியது. அவ்வறிவிப்பைத் தொடர்ந்து ஒரு பதிவேடு இங்கு எழவில்லை என்பதே வேறுபாடு.

பதிவதில் உள்ள இடர்கள்

வழிகளைப் பதிதல் எல்லா நிலையிலும் நன்மையே தரும் என்று கொள்வதற்கில்லை. முதலாவதாக, கடற்கரையும் கழியும் இடம்பெயர்வன. அரிக்கப்பட்ட கரையில் வரைபடக் கோடு கடலுக்குள் கிடக்கும். ஆதலால் பதிய வேண்டியது கோட்டை மட்டுமன்று. எங்கிருந்து எங்கு, எதன்பொருட்டுச் செல்லும் வழி என்ற தொடர்பையும் ஆகும். இரண்டாவதாக, பொதுமக்கள் அணுக்கம் என்பதும் வழக்காற்று வழி என்பதும் ஒன்றல்ல. உலாவுவோருக்காக அழகுபடுத்தப்படும் கரையில் வலை உலர்த்துவோர் இடையூறாகக் கருதப்படும் வாய்ப்பு உண்டு. மெரினாவை ஒட்டிய மீனவக் குப்பங்களின் அனுபவம் இதனை உணர்த்துகிறது. மூன்றாவதாக, பதிவேட்டில் விடுபட்ட வழி, ‘பதிவில் இல்லை’ என்ற காரணத்தாலேயே மறுக்கப்படலாம். எனவே பதிவு உரிமைக்குச் சான்றாக அமையலாம். பதியாமை உரிமையின்மைக்குச் சான்றாதல் கூடாது. 1905ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவுரிமைகளை விலக்கிக் காத்த முறை இதற்கு ஏற்ற அடிப்படையாகும்.

இவ்விடர்களை மீறியும் பதிவு வேண்டப்படுவதற்கு ஒரு முதன்மைக் காரணம் உண்டு. இவ்வூர் பேரிடரை நன்கறிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எண்ணூர்க் கரையையும் தாக்கியது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழியில் பரவியது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து வெளியேற நேர்ந்தது. அலை வந்தபோது கடலிலிருந்து விலகியும், வாயு பரவியபோது காற்றின் போக்கறிந்தும் செல்ல வேண்டியிருந்தது. ஒருபுறம் கடலும் மறுபுறம் இருப்புப்பாதையும் கால்வாயும் அமைந்த ஊரில், எந்தச் சந்து எங்கே திறக்கிறது என்பது உயிர்காப்புச் செய்தி. அச்செய்தி ஊராரின் நினைவில் மட்டும் இருப்பது போதாது.

முடிவுரை

காத்திவாக்கத்தின் சான்றுகள் மூன்று முடிவுகளைத் தருகின்றன. முதலாவது, பொதுவழியுரிமை இங்குப் புதிதாக வேண்டப்படும் சலுகை அன்று. 1905 முதல் எழுத்திலுள்ள சட்டநிலை. இரண்டாவது, நடைவழிகளின் மறைவு ஆக்கிரமிப்பால் மட்டும் நிகழவில்லை. புல எண்ணை அலகாகக் கொண்ட திட்டமுறை, தனிப் புல எண் இல்லாத வழியைக் காண இயலாமையும் அதற்குக் காரணம். மூன்றாவது, உள்ளாட்சி பெரிதாகுந்தோறும் வழியை அறிந்தவருக்கும் திட்டம் வரைபவருக்கும் இடையிலான தொலைவும் பெருகியது.

இத்தொலைவைக் குறைக்கும் வாய்ப்பு இப்போது உள்ளது. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி நகர்ப்புறங்களில் வட்டக் குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1 அன்று உள்ளாட்சிகள் தினத்தில் பகுதி சபைகள் கூடின. ஒவ்வொரு பகுதி சபையும் தன் எல்லைக்குட்பட்ட நடைவழிகளை நடந்து கண்டு பட்டியலிட்டு, அப்பட்டியல் அடுத்த முழுமைத் திட்டத்துக்கும் கடற்கரை மேலாண்மைத் திட்டத்துக்கும் இணைப்பாகச் சேர்க்கப்படலாம். இதற்குப் புதிய நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை. பெரும் நிதியும் தேவையில்லை. இன்றும் அவ்வழிகளில் நடக்கும் முதியோரின் நினைவே இதற்கு முதன்மை ஆவணம். அந்நினைவு நிலைத்திருக்கும் காலத்துக்குள் இப்பணி நிறைவேறுதல் வேண்டும்.